ஓனருக்கு வயிற்றுப்புண்

வாடகைக்கு வீடு விட்டுச் சம்பாதிக்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டிய காரியம், அந்த வீடு தன்னுடையது இல்லை என்று சொல்லிவிடுவது. இந்த ஞானத்தை அருளியவர் கண்ணாடிக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாதவர் என்பதால் வீட்டு முதலீடு பற்றி அவரால் எந்தப் பக்கமும் சாயாமல் பேச முடிந்தது. அது சம்பந்தமான வீடியோக்களையெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தவர். எனவே மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு தெரிந்தவர்.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பார்வை சுத்தம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸின் ஓரத்தை அரைத்து, ஃபிரேமுக்குள் உட்காரவைத்து, திருகை முடுக்கி, வந்தவர் காதில் மாட்டி, ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்ல வேண்டும். ஆந்தை மாதிரி இருந்தாலும் அதேதான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி நாக்கு அந்த அச்சிலேயே உறைந்து போய்விட்டது. 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு சொற்களும் அவர் வாயைக் காலி செய்துகொண்டு போய்ப் பல வருடம் ஆயிற்று.

இப்பேர்ப்பட்ட ஆள்தான் கடன் வாங்கி, வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீடு வாங்கினார்.

வாங்கியதற்குக் காரணம் வருமானம் என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மைக் காரணம் ஒரு பெயர்ப்பலகை. கல்யாணமான நாளிலிருந்து அவர் குடியிருப்பது மாமனார் வீட்டில். மாமனார் காலமாகிவிட்டார், கதவில் இருந்த அவர் பெயர் காலமாகவில்லை. தண்ணீர் வரி கேட்டு வருகிறவர் இன்றைக்கும் கண்ணாடிக்காரரைப் பார்த்து "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று கேட்பார். ஒரே ஒரு கதவிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் ஆசைப்பட்டார். பத்திரம் பதிவாகும் முன்பே பித்தளையில் பலகை செய்து வாங்கி வந்துவிட்டார்.

வீடு, ஒரு பழைய கட்டடத்தின் உச்சி மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, முகம் கழுவினால் முழங்கை சுவரில் இடிக்கும் குளியலறை. பார்க்கப் போனது நல்ல வெயில் காலம். சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. விற்கப்போகிற வீட்டுக்கு ஒருவன் எதற்குக் கைக்காசு போட்டுப் பெயின்ட் அடிக்கிறான் என்று யாராவது யோசித்திருக்கலாம். மச்சான் யோசித்தார். "தங்கமான மனுஷன் மாமா. விட்டுட்டுப் போற வீட்டைக்கூட எப்படி வெச்சிருக்கான் பாருங்க" என்றார். பார்வை சுத்தமான கண்ணாடிக்காரரும் பார்த்தார். சுவர் அவருக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

முதலில் குடிவந்தவர் ஓர் உடற்பயிற்சி வாத்தியார். மாதா மாதம் முதல் வாரத்தில் கண்ணாடிக்காரரைத் தோளோடு அணைத்து, "இந்த மாசம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது சார்" என்பார். அந்த அணைப்பில் மாட்டிக்கொண்டால் யாராலும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. கண்ணாடிக்காரரால் விட்டாலும் முடியாது. கடைசியில் வாத்தியார் ஒருநாள் சொல்லாமல் கிளம்பினார். கூடவே மின்விசிறிகள், குழாய்த் திருகுகள், அழைப்பு மணியின் பொத்தான் ஆகியவையும் கிளம்பின. மணியை விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் கொண்டுபோனது ஏன் என்பது இன்றுவரை விளங்கவில்லை. பெயர்ப்பலகையைத் தொடவில்லை. அதை எங்கே போய் விற்பது.

அதற்குப் பிறகு வீடு காலியாகவே கிடந்தது. தவணை மட்டும் காலியாக இருக்க மறுத்தது. அதைக் கட்டியது மனைவியின் சம்பளம். அந்த அம்மாள் ஒரு மருத்துவமனையின் பில் கவுண்டரில் இருப்பவர். அழுகிறவர், அதட்டுகிறவர், அமைச்சரைத் தெரியும் என்கிறவர் என எல்லோரிடமும் ஒரே குரலில் "கட்டிட்டு வாங்க" என்று சொல்லிப் பழகியவர்.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன். அடுத்து வர்றவங்களும் போயி இந்த வீடு இன்னொரு தடவை காலியாக் கிடந்தா, வித்துடுவோம். அப்புறம் பலகை கிலகைன்னு என்கிட்ட வரக்கூடாது."

அதே கவுண்டர் குரல். கண்ணாடிக்காரர் உடனே ஆலோசகரைக் கூப்பிட்டார்.

மச்சான் வந்து, சோபாவில் சாய்ந்து, வீட்டை அல்ல, மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமா, பிரச்சினை வீட்ல இல்ல. ஓனர்கிட்ட இருக்கு."

"ஓனர் நான்தானேடா."

"அதைத்தான் சொல்றேன். உங்களுக்கு இல்லன்னு சொல்ல வராது. வராததை எதுக்குச் சொல்லணும்? ஓனர் வெளிநாட்டுல இருக்கார். நீங்க கேர்டேக்கர். யார் என்ன கேட்டாலும், ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன், அவ்வளவுதான். அப்புறம் ஓனர் இல்லன்னு சொல்லிட்டார்னு சொல்லுங்க. பாவம் அவருக்கு, பழி அவருக்கு. வாடகை நமக்கு."

"ஓனர் என்ன வேலை பாக்கறார்னு கேட்டா?"

"அது கேர்டேக்கருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நீங்க கேர்டேக்கரே இல்ல."

பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தது வசதியாகப் போயிற்று. ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் 'ஓனரின் சம்சாரம்' பெயரில். "வாடகை வந்தாச் சரி, நீங்க தோட்டக்காரன்னு வேணும்னாலும் சொல்லிக்கங்க" என்று சம்சாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் போய்ப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிக் கடை மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்தார். இப்போது அவர் பெயர் ஒரு கதவிலும் இல்லை. ஆனால் முதலீட்டாளர் ஆகிவிட்டார்.

குடிவர வந்தவர் ஒரு பஸ் கண்டக்டரம்மா. கணவர் அதே பஸ்ஸின் டிரைவர். வேலையில் அந்த அம்மாள் விசில் கொடுத்தால்தான் அவர் வண்டியை எடுப்பார், விசில் கொடுத்தால்தான் நிறுத்துவார். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது பார்த்ததும் தெரிந்தது. கண்டக்டரம்மா அறை அறையாகப் போய், குழாயைத் திறந்து மூடி, ஜன்னலை அசைத்துப் பார்த்து, வாடகையைக் குறைக்கச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் படிக்கட்டுக்குப் போய், அணைந்து கிடந்த செல்போனைக் காதில் வைத்து, யாருமில்லாத இடத்தோடு மரியாதையாகப் பேசிவிட்டுத் திரும்பினார்.

"ஓனர் முடியாதுன்னுட்டார்ம்மா."

சொன்னதும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. முடியாது. எவ்வளவு சின்னச் சொல், எவ்வளவு நல்ல சொல். இத்தனை வருடம் இது எங்கே இருந்தது.

"சரிண்ணே. கேட்டதுல தப்பில்ல, மறுத்ததுலயும் தப்பில்ல" என்று கண்டக்டரம்மா முன்பணத்தை எடுத்து வைத்தார்.

அதற்கு மேல் நல்ல குடித்தனம் என்று ஒன்று கிடையாது. வாடகை ஒன்றாம் தேதி கணக்கில் விழும். படிக்கட்டைத் தானே கூட்டுவார்கள். மணிக்குப் புதுப் பொத்தான்கூடப் போட்டார்கள். குறை சொல்ல ஏதுமில்லாததால் கண்ணாடிக்காரர் மறுப்பதற்கென்றே அடிக்கடி போய் வந்தார். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கலாமா? ஓனருக்கு ஆணி பிடிக்காது. கொடி கட்டலாமா? கேட்டுச் சொல்றேன், கேட்டேன், கூடாதாம். கதை வளர வளர ஓனருக்குக் கை கால் முளைத்தது. கோபக்காரர். காலையில் பேசினால் எரிந்து விழுவார். ஏன் இப்படி என்று கண்டக்டரம்மா ஒருநாள் கேட்டபோது, "அவருக்கு வயித்துப்புண் இருக்கும்மா" என்று கண்ணாடிக்காரர் கொஞ்சம் பரிந்தும் பேசினார்.

"வயித்துப்புண் இருக்கறவருக்கு இவ்வளவு காரம் ஆகாதே" என்றார் கண்டக்டரம்மா.

பிறகு மழை வந்தது. உள்அறைச் சுவரில் அந்தத் தங்கமான மனுஷன் அடித்துவிட்டுப் போன பெயின்ட், அப்பளமாகப் பொரிந்து உரிந்தது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் தரையோடு சேரும் இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. தண்ணீர் அதன் வழியே யாருடைய அனுமதியும் கேட்காமல் இறங்கியது.

"ரிப்பேர்னு சொன்னா உடனே ஓடக்கூடாது மாமா" என்றார் மச்சான். "தள்ளிப்போட்டுட்டே இருந்தா, ஒண்ணு அதுவே காஞ்சுடும், இல்ல அவங்களே செஞ்சுக்குவாங்க. ஓனரை விட்டு மறுத்துடுங்க."

ஓனர் மறுத்தார். ஆனால் நனைவது ஓனர் சுவரல்லவே, தன்னுடையது. வேலைக்கு ஆள் வைக்கக் கையில் காசில்லை. லீவு நாளில் கண்ணாடிக்காரரே ஒரு வாளியும் கரண்டியும் வெடிப்பில் பூசும் கலவையுமாக மாடி ஏறினார். லென்ஸ் திருகு முடுக்கிய கை. ஒரு சாண் வெடிப்பை அடைக்க அரைநாள் பிடித்தது. துணி காயப்போட வந்த கண்டக்டரம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"அண்ணே, இறங்கி வாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

வீட்டில் கண்ணாடிக்காரருக்கு டீ உண்டு, சர்க்கரை கிடையாது. ரத்தத்தில் போதுமான அளவு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே கண்டக்டரம்மா, "உழைக்கற உடம்பு" என்று இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தார். முதல் மடக்கில் கண்ணாடிக்காரருக்குக் கண் மூடிக்கொண்டது. அந்த நிலையில் ஒரு மனிதனிடம் விசாரணை நடத்துவது நியாயமில்லை.

"லீவு நாள்ல வேலை வாங்கறாரே, அதுக்குத் தனியா ஏதும் தர்றாரா?"

"இல்லம்மா."

"சம்பளம்தான் எவ்வளவு?"

"சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்ல."

"அதுவாவது நேரத்துக்கு வருதா?"

"கைக்குன்னு எதுவும் வர்றதில்லம்மா. எல்லாம் கடனுக்கே போயிடுது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கண்டக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டிப்போ தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர் என்பதை ஒப்பந்தம் போடும்போது யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு விடுகிறவர்கள் விசாரிக்கவேண்டிய விஷயங்கள் என்று மச்சான் சொன்ன பட்டியலில் நாய் இருந்தது, சங்கம் இல்லை.

அடுத்த மாதம் வாடகை வந்தபோது குறைவாக வந்தது. மனைவி செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

"என்ன இது?"

"கேர்டேக்கர் சம்பளம். அவங்களே பிடிச்சுக்கிட்டுக் கேர்டேக்கர் கையில குடுத்துட்டாங்க. இல்லன்னா ஓனர் ஏமாத்திடறாராம்."

"எந்தக் கேர்டேக்கருக்கு?"

"எனக்கு."

"யாரோட பணம்?"

"நம்மளோடது."

மனைவி கையை நீட்டினார். கண்ணாடிக்காரர் உறையோடு கொடுத்தார். அது அன்றே கணக்கில் போடப்பட்டது. முதலீட்டாளர் ஒருவர் தன் வாடகையிலிருந்து தானே சம்பளம் வாங்கி, தன் மனைவியிடம் கொடுத்து, தன் கடனுக்கே கட்டினார். இதைவிட நன்றாகப் பணத்தைச் சுற்றிவிடப் பெரிய பெரிய நிறுவனங்களுக்குக்கூடத் தெரியுமா என்பது சந்தேகம்.

ஆனால் ஒன்றை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. உறையைக் கொடுக்கும்போது கண்டக்டரம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார். "கேட்டு வாங்கப் பழகுங்கண்ணே. குனிஞ்சா குனிய வெச்சிட்டே இருப்பாங்க" என்றார். கண்ணாடிக்காரரிடம் யாரும் இதுவரை எழுந்து நின்று எதையும் கொடுத்ததில்லை. ஓனராக இருந்தபோது கிடைக்காத மரியாதை கேர்டேக்கருக்குக் கிடைத்தது. அந்த மரியாதையையும் சர்க்கரை போட்ட டீயையும் உத்தேசித்து அவர் வெடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அடைத்தார்.

டிப்போவில் விஷயம் பரவியது. கூட்டத்தில் பேசினார்களாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மழையில் வேலை செய்யும் அந்தப் பெரியவருக்கென்று ஒரு மழைக்கோட்டு வாங்கி அனுப்பினார்கள். காக்கி நிறம், தலைக்குத் தொப்பி வைத்தது. அதை வாங்கிக்கொண்ட அன்று கண்ணாடிக்காரர் வீட்டுக்கு நேராகப் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனார். முன்பின் தெரியாத மனிதர்கள் தனக்காகப் பையில் கைவிட்டிருக்கிறார்கள். இதுவரை தமாஷாக இருந்தது, அன்றைக்கு அப்படி இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொன்னால் போய்விடுவார்கள். போனால் வீடு காலி. காலியானால் விற்பனை. கோட்டை மடித்துக் கடை இழுப்பறையில், பலகைக்கு மேல் வைத்தார்.

அடுத்த பெருமழையில் உள்அறைக் கூரையிலிருந்து ஒரு துண்டு காரை பெயர்ந்து, பகல் தூக்கத்தில் இருந்த டிரைவர் வயிற்றின் மேல் விழுந்தது. டிரைவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரம்மா விசில் கொடுத்த பிறகுதான் எழுந்தார் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். தகவல் வந்ததும் கண்ணாடிக்காரர் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். கொட்டுகிற மழையில் வாளியோடு வெடிப்பின் மேல் குனிந்திருந்தவரைக் கண்டக்டரம்மா கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தார்.

"போதும்ணே. இந்த ஞாயித்துக்கிழமை ஓனர் தரப்புல யாராவது ஒருத்தர் நேர்ல வந்து பேசணும். வரலைன்னா நாங்க காலி பண்றோம்."

"சுவரைச் சரி பண்ணிடறேன்ம்மா…"

"சுவருக்காகச் சொல்லல. சுவருக்குப் பாத்திரம் வெச்சுக்குவேன். ஒரு மனுஷனை இப்படிப் பிழியற ஆளுக்கு நான் வாடகை குடுத்துட்டு, அந்த வீட்ல நிம்மதியாத் தூங்க முடியாது."

மூலையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த டிரைவர் தலையை ஆட்டினார்.

ஆக, தன்மேல் உள்ள இரக்கத்தாலேயே கண்ணாடிக்காரரின் வீடு காலியாகப் போகிறது. கூரை ஒழுகிக் காலி செய்தவர்கள் உண்டு, எலித் தொல்லையால் காலி செய்தவர்கள் உண்டு. வீட்டுக்காரர் தன்னைத்தானே கொடுமைப்படுத்தியதற்காகக் காலி செய்பவர்களை மச்சானின் எந்த வீடியோவும் எதிர்பார்க்கவில்லை.

மச்சான் அசரவில்லை. "கோட்டு சூட்டுப் போட்டுக்கிட்டு நானே ஓனரா வர்றேன் மாமா."

"நீ வந்தா வாடகையை நீயே வாங்கிட்டுப் போயிடுவே" என்றார் மனைவி.

"இவ்வளவுதான்க்கா உலகம். நல்ல கேர்டேக்கர் கிடைச்சா மதிக்கத் தெரியல. எங்க வீட்டுக் கேர்டேக்கரைப் பாருங்க, அவரு ஓனரும் வெளிநாட்டுலதான். வாடகை மூணு மாசம் பாக்கின்னா, ஓனர் திட்டறார்னு கண்ணு கலங்கறார். பாவம், ரொம்ப நல்ல மனுஷன். தானே வந்து குழாய்கூட மாத்திக் குடுத்துட்டுப் போறார்."

கண்ணாடிக்காரர் மச்சானை வெகுநேரம் பார்த்தார். மச்சான் போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியே கிளம்பினார். கவுண்டருக்குப் போகும் புடவை, கவுண்டருக்குப் போகும் முகம். வாசலில் நின்று, "நான் ஓனரோட சம்சாரம்" என்றார். பல மாதங்களில் அந்த வீட்டு வாசலில் சொல்லப்பட்ட முதல் முழு உண்மை அது.

கண்டக்டரம்மா நாற்காலி போட்டார். ஓனரம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவதை இழுத்து, "நீங்க ஏண்ணே நிக்கறீங்க, உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கண்ணாடிக்காரரையும் உட்காரவைத்தார். டிரைவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஓனருக்கு இப்ப வயிறு எப்படி இருக்கு?"

"எந்த வயிறு?" என்றார் மனைவி.

கண்ணாடிக்காரர் இருமினார்.

"பரவாயில்ல, விஷயத்துக்கு வர்றேன்" என்றார் கண்டக்டரம்மா. "இவருக்கு வாரம் ஒருநாள் லீவு வேணும்."

"இவருக்கா? ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் போர்வையை விட்டே வர்றதில்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"சரி. மழையில இவரை மாடிக்கு ஏத்தக்கூடாது. வேலைக்கு ஆள் வைக்கணும். ஒரு வயசான மனுஷன்…"

"வயசானவரா? எனக்கு ரெண்டு வயசுதான் மூத்தவர்" என்றார் மனைவி, கவுண்டர் குரலில் முதன்முறையாக ஒரு கீறலோடு.

கண்டக்டரம்மாவின் புருவம் ஏறியது. இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் செய்யக்கூடிய ஒரே புத்திசாலித்தனமான காரியம் சும்மா இருப்பது. அவர் டீயை எடுத்தார். வழக்கம்போல ஒரு மடக்கு குடித்தார். வழக்கம்போல கண்ணை மூடினார்.

அந்த முகத்தை மனைவி பார்த்தார். சட்டென்று கையை நீட்டி அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினார்.

கண்டக்டரம்மா எழுந்துவிட்டார். "ஏம்மா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? உழைக்கற மனுஷன் வாயில வெச்ச டீயைக்கூடவா பிடுங்குவீங்க? இது உங்க காசு இல்ல, நான் போட்ட டீ."

மனைவி அதைக் கேட்கவே இல்லை. டம்ளரை மோந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, கணவர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை மாசமா நடக்குது இது?"

"ரெண்டு கரண்டிதான்…" என்றார் கண்ணாடிக்காரர்.

"காலையில மாத்திரையைக் குடுத்து, மத்தியானம் கோதுமையைக் குடுத்து, சுகர் ஏன் குறையலன்னு நான் அந்த டாக்டரோட சண்டை போட்டுட்டு வர்றேன். நீங்க இங்க வந்து ரெண்டு கரண்டியா?"

கூரையிலிருந்து பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கண்டக்டரம்மா மெதுவாக உட்கார்ந்தார். கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி, தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தாலும், டிக்கெட் எடுக்கும்போது ஒருவர் இரண்டாக எடுத்துவிடுவார். அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர்.

"அண்ணி" என்றார் மனைவியைப் பார்த்து. "இவரு யாரு?"

"ஓனர்."

கண்டக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் கண்ணாடிக்காரருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று காயப்போட்டு ஜன்னலிலேயே தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தார்.

"டிப்போல எல்லாரும் காசு போட்டாங்க. ஒரு பையன் சாப்பிட வெச்சிருந்ததைக் குடுத்தான். அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

கண்ணாடிக்காரருக்கு இப்போது செல்போனைக் காதில் வைத்துக் கேட்க ஆளில்லை. "எனக்கு இல்லன்னு சொல்ல வராதும்மா" என்றார். "முன்ன இருந்தவர் என்னை மொட்டையடிச்சிட்டுப் போயிட்டார். வேற ஒருத்தர் சொல்ற மாதிரி சொன்னாத்தான் வாய் திறக்குது. சொல்லப் பழகிட்டேன், நிறுத்தத் தெரியல. காசைத் திருப்பிக் குடுத்துடறேன். நானே டிப்போக்கு வந்து சொல்றேன்."

"வந்து சொல்லணும்" என்றார் கண்டக்டரம்மா. "அது இருக்கட்டும். இப்ப நீங்க ஓனர். நான் குடித்தனம். கேக்கறேன். சுவர் இப்படி இருக்கு, வாடகையைப் பாதியாக் குறைங்க. இல்லன்னா ஒண்ணாம் தேதி காலி பண்றேன்."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார். பாதி என்றால் தவணைக்குப் போதாது. மாட்டேன் என்றால் குடித்தனம் நிற்காது. இரண்டிலும் வீடு போகிறது. வாய் தன் பழைய அச்சுக்குப் போய், 'உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி' என்று ஆரம்பிக்கப் பார்த்தது. அவர் அதை இழுத்துப் பிடித்தார்.

"முடியாதும்மா" என்றார். "பாதியாக் குறைக்க என்னால முடியாது. மாடி வெடிப்பை ஆள் வெச்சு முழுசாச் செஞ்சு தர்றேன். அது என் வேலை. முடியற வரைக்கும் அந்த உள்ரூமுக்கு உண்டானதைக் கழிச்சுக்கங்க. அதுக்கு மேல முடியாது."

கண்டக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இல்லன்னு நேரா சொல்றவங்ககூட எனக்கு எந்தத் தகராறும் கிடையாது. சங்கத்துல என் வேலையே அவங்ககூடத்தான்."

"அப்ப காலி பண்ணலையா?" என்றார் மனைவி.

"மாடி வேலை முடியட்டும், அப்புறம் பாக்கலாம். ஆனா அண்ணி, கேர்டேக்கர் சம்பளம் நிக்கக்கூடாது. மாசா மாசம் அதே மாதிரி பிடிச்சுத் தனியா வைங்க. இவர் கையில குடுக்காதீங்க, உங்க தவணையிலயும் போடாதீங்க. மாடி, குழாய், பெயின்ட், எல்லாம் அதுல இருந்துதான். எங்க பஸ்ஸுக்குக்கூட டயர் காசைத் தனியா வெச்சாத்தான் வண்டி ஓடும். இல்லாத கேர்டேக்கர் சாப்பிடவா போறான்?"

இல்லாத ஓனரைக் கண்டுபிடிக்க ஒரு மச்சானும் இத்தனை மாதமும் தேவைப்பட்டன. இல்லாத கேர்டேக்கருக்குச் சம்பளம் கொடுத்தால் வீடு நிற்கும் என்பதை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்கள். இதை யாரும் வீடியோவாகப் போடவில்லை. போட்டாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் புரிந்திருக்காது.

"அப்புறம் அந்தக் கதவுல ரெண்டு ஓட்டை இருக்கு" என்றார் கண்டக்டரம்மா. "வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். என்ன இருந்துச்சு அங்க?"

கண்ணாடிக்காரர் சொன்னார்.

"கொண்டாந்து மாட்டுங்க. இனிமே திட்டணும்னா யாரைத் திட்டறதுன்னு தெரியணும்ல."

டிப்போவுக்குப் போய் அவர் சொன்னதும், அங்கே அவருக்குக் கிடைத்ததும் இங்கே வேண்டாம். கோட்டை மட்டும் அவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மாடி வேலை நடக்கும்போது மேற்பார்வைக்கு ஓனர் நனையாமல் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படிச் சொல்லி நிறைய நேரம் சிரித்தார்களாம்.

வெடிப்பு அடைபட்ட வாரம் கண்ணாடிக்காரர் பலகையோடு வந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த திருப்புளி மூக்குக்கண்ணாடித் திருகுக்கானது. கதவுத் திருகின் மேல் அது கொசு மாதிரி உட்கார்ந்து எழுந்தது. டிரைவர் உள்ளே போய் பஸ் திருப்புளியைக் கொண்டுவந்து, இரண்டே சுற்றில் முடுக்கிவிட்டு நகர்ந்தார். ஓனர் ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். கதவில் அவர் பெயர். அதற்கென்றே செய்த மாதிரிதான் இருந்தது.

கண்டக்டரம்மா வாசலுக்கு வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, இடது பக்கம் இறங்கியிருக்கு. கழட்டி நேராப் போடுங்க."

"ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்ம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. படிக்கட்டில் திருப்புளியோடு நின்றிருந்த டிரைவர், அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, விசில் இல்லாமல் வாயைத் திறந்தார்.

"என்ன சொல்றார்?" என்றார்.